பாட்டியின் பயத்தில் நியாயம் உண்டு, ஆனாலும் முன்கூட்டியே போய்விடுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை நிதானமாகப் படித்தேன். உங்கள் ஊர் கோத்தகிரிக்குக் கீழே சரிவில் இருக்கும் ஓர் இருளர் பதி, அதாவது இருளர் குடியிருப்பு. மனைவிக்கு ஏழாம் மாதம், தலைப்பிரசவம். தேதிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்கு வந்து தங்கிவிட வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பாட்டியோ, "அங்க போனா கேக்காமலே ஆபரேஷன் பண்ணி விட்டுருவாங்க, பதியிலேயே பெத்துக்கட்டும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். இது மூடநம்பிக்கைதானே, எப்படிப் போக்குவது என்கிறீர்கள். தமிழ்நாட்டில் பிரசவ மரணம் குறைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லும்போது மலைக்காரர்களிடம் மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி என்றும் கேட்கிறீர்கள். என் காதில் இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் விழுகிறது. எங்களைக் கேட்காமல் எங்கள் உடம்பில் எதையும் செய்துவிட மாட்டார்களே என்பதுதான் அது.

நான் டாக்டர் இல்லை. 1988-ல் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கங்களில் 33 வருடம் நடந்தே பார்த்த வேலை. பகுதி சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றேன். உங்கள் மனைவியை நான் பார்க்கவில்லை, அதனால் அவர் உடம்பைப் பற்றி எதுவும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் உங்கள் பாட்டி எந்த ஆஸ்பத்திரியை நினைத்துப் பயப்படுகிறாரோ, அதை உள்ளே இருந்து தெரியும். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போங்கள், பதினைந்து நாள் முன்பே போங்கள். ஆனால் மூடநம்பிக்கை என்ற வார்த்தையைப் பாட்டி முன்னால் எடுக்காதீர்கள். அவர் தன் தலைமுறையில் நடந்ததைத்தான் சொல்கிறார். அதில் எனக்கும் பங்கு உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதைப் பெண்ணே முடிவு செய்ய வேண்டும் என்ற பேச்சு நம் ஊருக்குப் புதிதல்ல. 1930 வாக்கிலேயே பெரியார் 'குடி அரசு' இதழில் கர்ப்ப ஆட்சி, அதாவது கர்ப்பத்தடை, பற்றி எழுதினார். தாயின் உடல்நலத்துக்காக, நாட்டின் வறுமைக்காக, குடும்பச் சொத்து சிதறாமல் இருப்பதற்காகக் கர்ப்பத்தைத் தடுக்க வேண்டும் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெண் விடுதலை அடைய அது வேண்டும் என்று அவர் காரணம் சொன்னார். வேலையில் சேர்ந்து பல வருடம் கழித்து இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் ஒரு நாள்கூட அந்தக் காரணத்தை யாரும் சொன்னதில்லை. எங்களுக்குச் சொன்னது எண்ணிக்கை.

அரசு கையில் எடுத்த வழி எண்ணிக்கை வழிதான். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஆர்.ஏ. கோபாலசுவாமி தம் அறிக்கையில், மூன்றோ அதற்கு மேலோ பெற்று அதில் ஒரு பிள்ளையாவது உயிரோடு இருக்கும் பெண் மறுபடி பெற்றால் அதை முன்யோசனை இல்லாத தாய்மை என்று வகைப்படுத்தினார். ஒரு பிள்ளை மட்டுமே தங்கியிருந்தாலும் அந்தக் கணக்கில் அவள் குற்றவாளிதான். அடுத்த வருடம், 1952-ல், உலகத்திலேயே முதல் நாடாக இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஆக்கியது. கோபாலசுவாமி பிறகு சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். 1950-களின் கடைசியில், கருத்தடை அறுவைக்கு வருபவருக்குப் பணம் கொடுக்கும் வழக்கத்தை நாட்டில் முந்திக்கொண்டு தொடங்கியது நம் மாநிலம்தான். மலைக்கு அந்தப் பக்கம், 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 63,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள், கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள்.

அப்புறம் வந்தது நெருக்கடி நிலை. 1976-77 ஒரே வருடத்தில் நாடு முழுக்க 82 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன, அதில் 62 லட்சம் பேர் ஆண்கள். அறுவையோடு தொடர்புள்ள 1,774 சாவுகளை, நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் பதிவு செய்தது. இவையெல்லாம் உறுதியான கணக்கு. கட்டாயம் மிகக் கொடூரமாக இருந்தது வட மாநிலங்களில் என்பதும் உறுதி. நம் மலையில் அந்த வருடங்களில் ஒவ்வொரு பதியிலும் என்ன நடந்தது என்று கேட்டால், நான் கேட்டதெல்லாம் வாய்வழிக் கதைகள். ஜீப் சத்தம் கேட்டால் ஆண்கள் சோலைக்குள் ஓடிவிடுவார்களாம். மூன்று தனித்தனி ஊரில் மூன்று கிழவர்கள் என்னிடம் இதையே சொல்லியிருக்கிறார்கள், அதனால் நான் நம்புகிறேன். ஆனால் இது ஆவணம் ஆகாது.

நெருக்கடி நிலைக்குப் பிறகு ஆண்களைத் தொட எந்த அரசுக்கும் தைரியம் வரவில்லை. பாரம் முழுக்கப் பெண்கள் தலையில் இறங்கியது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு செவிலியருக்கும் வருடத்துக்கு இத்தனை கருத்தடை கேஸ் என்று டார்கெட் உண்டு. 'கேஸ் பிடிக்கிறது' என்றுதான் நாங்களே பேசிக்கொள்வோம். மார்ச் மாதம் நெருங்கினால் தூக்கம் வராது. கணக்குக் குறைந்தால் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிற்கவைப்பார்கள், சம்பளத்தை நிறுத்துவோம் என்பார்கள். 1991-ஆ 92-ஆ என்று இப்போது நினைவில்லை, ஒரு மார்ச்சில் எனக்கு இரண்டு கேஸ் குறைந்தது. சரிவில் ஒரு பதியில் மூன்றாவது பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகாத பெண் ஒருத்தி இருந்தாள். கருத்தடைச் சம்மதப் படிவத்தை நான் வாசித்துக் காட்டவில்லை. ஊதா மைப்பெட்டியைத் திறந்து, அவள் கட்டைவிரலை நானே பிடித்து அழுத்தினேன். "அக்கா, பின்னால வேணும்னா எடுத்து விட்டுருவீங்கல்ல?" என்று கேட்டாள். "அதெல்லாம் பாத்துக்கலாம் கண்ணு" என்றேன். அடுத்த மழைக்காலத்தில் கடைசிக் குழந்தை பேதியில் போய்விட்டது. இரண்டு வருடத்துக்குள் நடுப்பிள்ளையும் போனது. அவள் என்னைத் தேடி சப் சென்டருக்கு வந்தாள். திட்டவில்லை. "இப்ப எடுத்து விடுங்க அக்கா" என்று மட்டும் சொன்னாள். அவள் கட்டைவிரலில் தேயிலைக் கறை இருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கள் பாட்டி பேசும்போது எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

1996 ஏப்ரலில் மத்திய அரசு அந்த டார்கெட் முறையை எடுத்தது. அதற்கு இரண்டு வருடம் முன் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மாநாட்டில், மக்கள்தொகையை எண்ணிக்கையாகப் பார்க்காமல் பெண்ணின் உரிமையாகவும் நலமாகவும் பார்ப்போம் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருந்தன. காகிதத்தில் நல்ல மாற்றம். ஆனால் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரு முகாமில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார், பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட முகாம்களை மூன்று வருடத்துக்குள் நிறுத்த வேண்டும், அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. ஆண்கள் பங்கு 0.1 சதவீதம். ஆண்களுக்குச் செய்வது சின்ன அறுவை, வயிற்றைத் திறக்க வேண்டியதே இல்லை. அப்படியும் கணக்கு இதுதான்.

சரி, இப்போது பாட்டியிடம் நேராகச் சொல்ல வேண்டியது. உங்கள் மனைவிக்கு இது தலைப்பிரசவம். கருத்தடை அறுவைக்கு அரசு வகுத்த விதிப்படி, தம்பதிக்கு ஒரு வயதைத் தாண்டிய குழந்தை ஒன்றாவது உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே, உயிருக்கு ஆபத்தான மருத்துவக் காரணம் ஏதும் வந்தாலொழிய, முதல் பிரசவத்தில் அதைச் செய்ய விதியே இடம் தராது. பாட்டி 'ஆபரேஷன்' என்பது எதை என்றும் கேட்டுப் பாருங்கள். மலையில் கருத்தடைக்கும் ஆபரேஷன்தான், வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுப்பதற்கும் ஆபரேஷன்தான். சிசேரியனை நினைத்துப் பயந்தால் அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு: அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தேவைக்கு மேல் நடக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவசரத்தில் அது கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பாட்டியின் பயம் இன்னும் முழுக்கப் பழங்கதை ஆகிவிடாத இடம் ஒன்று உண்டு. அது காப்பர் டி, கர்ப்பம் தரிக்காமல் தடுக்கும் சின்னச் சாதனம். பிரசவம் முடிந்த கையோடு கருப்பைக்குள் வைத்துவிடுகிறார்கள். நல்ல சாதனம், அடுத்த குழந்தைக்கு இடைவெளி வேண்டும் என்பவர்களுக்கு ரொம்ப உதவும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். குறை எங்கே என்றால், வலியில் கிடக்கும் பெண்ணிடம் "வெச்சுக்கலாமா?" என்று கேட்டு, அவள் தலையாட்டியதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதில். என் பணியின் கடைசி வருடங்களில் ஒரு பெண் வந்தாள். மூன்று வருடமாக இரண்டாவது குழந்தை நிற்கவில்லை என்று கோயில் கோயிலாகப் போயிருக்கிறாள். ஸ்கேனில் காப்பர் டி தெரிந்தது. வைத்ததே அவளுக்குத் தெரியாது. எந்த ஆஸ்பத்திரி என்பதை இங்கே சொல்லப்போவதில்லை, அந்த அட்டையில் எல்லாம் ஒழுங்காகவே எழுதியிருந்தது. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் நடக்கிறது. தானே வந்து கருத்தடை வேண்டும் என்று கேட்கும் பெண்ணிடம் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா, கையெழுத்து வேணும்" என்பார்கள். வயது வந்த பெண்ணின் கருத்தடைக்கோ கருக்கலைப்புக்கோ புருஷன் கையெழுத்து சட்டப்படி தேவையே இல்லை. அவள் சம்மதம் போதும். கருக்கலைப்புச் சட்டம் 1971-லேயே வந்தது. 2021 திருத்தத்துக்குப் பிறகு சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை அனுமதி உண்டு, அதில் கல்யாணம் ஆகாத பெண்களும் அடக்கம் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளை பெறுவதும் பெறாமலிருப்பதும் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரம் என்று 2009-லேயே தீர்ப்பு இருக்கிறது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், கையெழுத்துக் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் கண்ட மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டு ரத்தப்போக்கோடு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இனி மலைக்கு மட்டும் ஏன் கெடுபிடி என்ற கேள்வி. பிறப்பு இறப்புகளை மாதிரி எடுத்துக் கணக்கிடும் மத்திய அரசின் 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்குப்படி ஒரு லட்சம் பிறப்புக்கு இறக்கும் தாய்மார்கள் இந்தியாவில் 97 பேர், தமிழ்நாட்டில் 54 பேர், கேரளாவில் 19 பேர். நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கணக்கு நூறுக்கு மேல் இருந்தது. இந்த இறக்கம் சும்மா வந்ததல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸ்கள், சீமாங் என்று நாங்கள் சொல்லும் அவசரகாலப் பிரசவ மையங்கள், 2008-ல் வந்த 108 வண்டி, ஒவ்வொரு தாய் சாவையும் தனித்தனியாக உட்கார்ந்து விசாரிக்கும் முறை, இத்தனையும் சேர்ந்து கொண்டுவந்தது. ஆனால் சராசரி என்பது சராசரிதான். சென்னைக்காரியும் உங்கள் பதிப் பெண்ணும் அதில் ஒரே எண்.

அப்படியானால் ஆதிவாசிப் பெண்களுக்குத் தனியாக அந்த எண் என்ன என்று கேட்பீர்கள். அப்படி ஓர் எண்ணை யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் மொத்தமே 2,002 பேர். இவ்வளவு சிறிய சமூகத்தில் ஒரு வருடத்தில் பிறக்கும் குழந்தைகளை வைத்துக்கொண்டு லட்சத்துக்கு இத்தனை என்று கணக்குப் போட்டால் அதற்கு அர்த்தமே கிடையாது. ஒரு வருடம் பூஜ்யம் வரும், மறு வருடம் ஒரே ஒரு சாவு நடந்தால் எண் வானத்துக்கு ஏறும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்குடிகள் வாழும் மாவட்டம் இது. நீலகிரியின் மொத்தக் கணக்கிலேயே இவர்கள் கரைந்துபோகிறார்கள். எண் சின்னது என்பதற்காக ஆபத்தும் சின்னது என்று நினைத்துவிடக் கூடாது. ஆபத்து எங்கே இருக்கிறது என்பது எண் இல்லாமலே தெரியும்.

முதல் ஆபத்து ரத்தம். பிரசவம் நல்லபடியாக முடிந்த பிறகு கருப்பை சுருங்கவில்லை என்றால், உடம்பிலிருக்கும் ரத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் வடிந்து பெண் இறந்துவிடலாம். யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல எந்தப் பரிசோதனையும் இல்லை. தலைப்பிரசவம், நல்ல உடம்பு, எந்தக் குறையும் இல்லாத பெண்ணுக்கும் வரும். ஊசியும் ரத்தமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இப்போது உங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். பதியிலிருந்து ஜீப் வரும் இடம் வரை நடை, அங்கிருந்து கோத்தகிரி, அங்கே முடியாவிட்டால் ஊட்டிக்கு இன்னும் ஒரு 30 கிலோமீட்டர், அங்கேயும் முடியாவிட்டால் கோயம்புத்தூர். கூடலூர்க்காரர்களுக்கு ஊட்டியே 50 கிலோமீட்டர். மழை பிடித்தால் சாலையில் மண் சரியும். 2009 நவம்பரில் மலை முழுக்கச் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்தது உங்களுக்கும் நினைவிருக்கும்.

ஒரு ஜூலை இரவு, நல்ல மழை. வலி கண்ட பெண்ணைக் கம்பளியில் தூளி கட்டி மூங்கில் கழியில் மாட்டி நாலு பேர் தூக்கி வந்தார்கள். தகரத்தைத் தட்டிக்கொண்டு ஒருவன் முன்னால், யானைக்காக. நான் டார்ச்சோடு பின்னால். பலாமரத்துப் பக்கம் யானை நின்றது. சத்தம் போடாமல் ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்தோம். கம்பளியிலிருந்து சொட்டியது மழைத் தண்ணீர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். டார்ச்சை அடித்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பெண் பிழைத்தாள், வழியில் வந்த எஸ்டேட் லாரி ஒன்று நின்றதால். அந்த லாரி பத்து நிமிஷம் முந்திப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. பதினைந்து நாள் முன்னால் வா என்று நர்ஸ் சொல்வதற்கு அர்த்தம் இந்த இரவு. மலைப் பகுதிகளில் பிரசவக் காத்திருப்பு அறைகள் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

இரண்டாவது ஆபத்து, அந்த ரத்தம் முதலிலேயே குறைவாக இருப்பது. அந்த 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12 இருக்கும் பெண் தாங்கும் ரத்தப்போக்கை 7 இருக்கும் பெண் தாங்க மாட்டாள். இதோடு நம் மலைக்கு என்றே ஒன்று இருக்கிறது: அரிவாள் செல் ரத்தசோகை, ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய். இந்தியாவில் முதன்முதலில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டதே நீலகிரி ஆதிவாசிகளிடம்தான், 1952-ல், லேமன், கட்புஷ் என்ற இருவரின் ஆராய்ச்சியில். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அந்தக் கூறு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அதைத் தாங்குபவர், பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. நோய் உள்ள பெண்ணுக்குக் கர்ப்ப காலம் கடினம்: எலும்பைப் பிடுங்கும் வலி, தொற்று, ரத்தக் கொதிப்பு, குழந்தை எடை குறைவது எல்லாம் வரலாம். உங்கள் மனைவிக்கு இந்தப் பரிசோதனை ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் இந்த வாரமே கேட்டு எடுங்கள். அவருக்கு இருந்தால் நீங்களும் எடுக்க வேண்டும். இருவருமே தாங்குபவர்கள் என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு. முடிவு தெரியாமல் கண்டபடி இரும்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

மூன்றாவதை ஆபத்து என்பதா, அநியாயம் என்பதா, தெரியவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் தொகை 18,000 ரூபாய், நல்ல திட்டம்தான். ஆனால் அது இரண்டு பிரசவத்துக்கு மட்டும். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு 2017 திருத்தத்தின்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, இரண்டு பிள்ளைகள் இருந்தால் மூன்றாவதுக்கு 12 வாரம்தான். நாலாவது, ஐந்தாவது பிரசவத்தில்தான் கருப்பை தளர்ந்து ரத்தப்போக்கு அபாயம் கூடுகிறது. எவளுக்குச் சத்தும் ஓய்வும் அதிகம் தேவையோ அவளுக்குக் கொடுப்பதைத்தான் குறைக்கிறோம். பெற்றதில் பாதியைப் பேதிக்கும் காய்ச்சலுக்கும் கொடுத்துவிட்ட பெண்ணிடம், நீ ஏன் மூன்றாவது பெற்றாய் என்று கேட்கும் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. 1951-ன் அந்த வகைப்பாடுதான் வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. 2025 மே மாதம், இரண்டு பிள்ளைக் கணக்கைக் காட்டி மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்ட தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் வழக்கில், அந்த விடுப்பு இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு ஊழியருக்குக் கிடைத்தது தோட்டத்துக்கும் பதிக்கும் எப்போது இறங்கி வரும் என்று காத்திருக்கிறேன்.

எது வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். கோத்தகிரியில் 1958-லிருந்து டாக்டர் நரசிம்மன் தொடங்கிய ஆதிவாசிகள் நலச் சங்கம் இருக்கிறது. கூடலூரில் 1987-ல் ஊர் ஊராகத் தொடங்கிய சுகாதார வேலை, 1990-ல் அஷ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையாக வளர்ந்தது. அங்கே பணியர், காட்டுநாயக்கர், பெட்ட குறும்பர் பெண்களையே பயிற்சி கொடுத்து நர்ஸாகவும் ஊர் சுகாதாரப் பணியாளராகவும் ஆக்கினார்கள். வலியில் கத்தும் பெண்ணிடம் அவள் பாஷையிலேயே ஒருத்தி பேசினால், அங்கே பாதி பயம் போய்விடும். நான் முப்பது வருடத்தில் கற்றுக்கொண்ட படுக பாஷையும் அரைகுறை இருளர் பேச்சும் என் படிப்பைவிட அதிகம் உதவின. ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியும் பெரிய ஆஸ்பத்திரியும் வந்துவிட்டன. முன்பு கோயம்புத்தூருக்கு அனுப்பிய பலரை இனி மேலேயே பார்க்கலாம். கட்டடத்தைப் பார்த்து எனக்கு நிஜமாகவே சந்தோஷம். உள்ளே உங்கள் பாஷை பேசுகிறவர்களும் வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எட்டாம் மாதம் முடிவதற்குள் நர்ஸிடம், ரத்த அளவு, ரத்தப் பிரிவு, அரிவாள் செல் முடிவு மூன்றையும் தாய் சேய் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிக்மி நம்பர், அதாவது கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் பதிவு எண், போட்டாச்சா என்று பாருங்கள், பிறப்புச் சான்றுக்கும் அதுதான் கேட்பார்கள். ரத்தம் குறைவு, கொதிப்பு, குழந்தை திரும்பியிருப்பது என்று ஏதாவது இருந்தால், கோத்தகிரியிலேயே பார்ப்பார்களா, நேராகச் சீமாங் மையத்துக்குப் போக வேண்டுமா என்று இப்போதே கேட்டு முடிவு செய்யுங்கள். வலி வந்த பிறகு இடம் மாறுவதுதான் மோசம். தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், குழந்தை அசைவு குறைவது, துளி ரத்தம் இதில் எது வந்தாலும் தேதியைப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

காப்பர் டி விஷயத்தை இப்போதே, வலி இல்லாத நேரத்தில், இருவரும் பேசி அவர் முடிவு செய்யட்டும். அவர் முடிவு, உங்கள் முடிவு அல்ல. வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம், யோசிக்க வேண்டும் என்றால் பிறகு என்று அட்டையிலேயே நர்ஸை எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டவும் சொல்லுங்கள். இதைக் கேட்டால் கோபித்துக்கொள்கிற நர்ஸ் தப்பு செய்கிறார்.

இன்னொன்று, இது பாட்டிக்கு. பிரசவ அறைக்குள் கூடவே இருக்க ஒரு பெண் துணையை அனுமதிக்கும் முறை தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004-லிருந்து உண்டு. உங்கள் பாட்டியையே அந்தத் துணையாக அழைத்துப் போங்கள். பதியில் எத்தனை பிள்ளைகளை அவர் கையால் வாங்கியிருப்பார், அவருக்கு அந்த அறையில் இடம் உண்டு. என்ன படிவம் நீட்டுகிறார்கள், என்ன ஊசி போடுகிறார்கள் என்று அவரே பார்க்கட்டும், கேட்கட்டும். கேட்காமல் செய்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவரைவிடக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேறு யார் கிடைப்பார்? ஆடு, கோழியை யார் பார்ப்பது என்பதுதான் அடுத்த தடை வரும், எல்லா வீட்டிலும் வரும், அதைப் பங்காளிகளிடம் இப்போதே பேசி வையுங்கள். கோத்தகிரியில் ராத்திரிக் குளிர் உங்கள் சரிவைவிட அதிகம். பாட்டிக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, குழந்தைக்குத் தலையோடு சுற்ற ஒன்று என மூன்று கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.